சிட்னியின் அரைமணி எழுத்து

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் தத்தம் வட்டாரத்தில் குடியிருக்கும் பிள்ளைகளையே சேர்த்துக்கொள்கின்றன. இந்தப் பொது வழக்கத்தினின்று விலகி, தேர்வின் வழியே மட்டும் மாணவரைத் தெரிந்தெடுக்கும் அரசுப் பள்ளிகளும் அங்கே உண்டு. அவற்றையும் அவற்றுக்கான தேர்வையும் சிட்னித் தமிழர் ‘செலக்டிவ்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். முழுக்க இம்முறையில் இயங்கும் பள்ளிகள் 17. சில வகுப்புகளை மட்டும் இம்முறைக்கு ஒதுக்கியவை 26. இவற்றோடு வேளாண் உயர்நிலைப் பள்ளிகளையும் சேர்த்தால் ஏழாம் வகுப்பில் சுமார் 4,200 இடங்கள் உள்ளன. அவற்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 17,000 பிள்ளைகள் போட்டியிடுகின்றனர். பள்ளியாண்டு பிப்ரவரியை ஒட்டித் தொடங்க, தேர்வு மே மாதத்திலேயே வந்துவிடுவதால், ஆறாம் வகுப்புப் பாடத்தில் பாதியைக்கூடக் காணாத பதினொரு வயதுப் பிள்ளையே அந்த அறைக்குள் நுழைகிறது.

வாசிப்பு, கணிதத் தர்க்கம், சிந்தனைத் திறன், எழுத்து என நான்கு பிரிவுகள் கொண்ட இத்தேர்வில், முதல் மூன்றும் தரப்பட்ட விடைகளிலிருந்து சரியானதைத் தெரிந்தெடுக்கும் வகையினவாக இருக்க, நான்காவது மட்டும் ஒரே ஒரு வினாவையும் வெற்றுத் திரையையும் பிள்ளையின் முன் வைத்து முப்பது நிமிடம் தருகிறது. 2021-இல் தேர்வு புதுப்பிக்கப்படும்வரை எழுத்துக்குக் கிடைத்தது இருபது நிமிடமே. இன்றோ அது மற்ற மூன்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் சமமான மதிப்புடையது. செலக்டிவ் தேர்வுக்கு ஈராண்டு முன்னதாக, நான்காம் வகுப்பில் எழுதப்படும் ‘ஓசி’ தேர்வில், அதாவது ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கான சிறப்பு வகுப்பில் இடம்பெறுவதற்கான தேர்வில், எழுத்துப் பிரிவே இல்லை. அதற்காகப் பயிற்சி வகுப்பு பயிற்சி வகுப்பாக அலைந்து கணக்கிலும் வாசிப்பிலும் தேர்ந்த பிள்ளையும் இந்த ஒரு பிரிவில் பழக்கமற்றே நிற்பதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

பெண்டில் ஹில், டூங்காபி, வென்ட்வொர்த்வில், ஹோம்புஷ் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தேர்வு எட்டாத செய்தியன்று; கிர்ராவீன் உயர்நிலைப் பள்ளி போன்ற தெரிவுப் பள்ளியின் சீருடை அணிந்த பிள்ளைகளை அவர்கள் ரயில் நிலையத்தில் நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும் தேர்வு என்பதைப் பற்றிய அவர்களின் அறிவு வேறொரு மண்ணில் உருவானது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளும் அளவுகோலாகி நிற்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளியில் கட்டுரை என்றாலே குறிப்புச் சட்டகம் ஒன்று முதலில் எழும். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை என்ற அச்சட்டகத்துள் மனப்பாடம் செய்த பத்திகளைப் பிழையின்றி இறக்கிவைப்பவர் முழு மதிப்பெண்ணை நெருங்குவார். அந்த முறையில் வென்று, அந்த வெற்றியாலேயே கடல் கடந்து வந்த பெற்றோர், தம் பிள்ளைக்கும் நான்கைந்து மாதிரிக் கதைகளை உருப்போட வைத்தால் போதும் என்று எண்ணுவது இயல்பானதே. அதில் அன்பும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. ஆனால் இத்தேர்வு அதற்கு எதிர்த்திசையில் அமைக்கப்பட்டிருக்கிறது.

மதிப்பெண் பகுக்கப்படும் முறையே இதைக் காட்டிவிடும். மொத்தம் 25-இல் 15 மதிப்பெண், சொல்லப்படும் பொருள், எழுத்தின் வடிவம், கருத்து அடுக்கப்பட்ட விதம், நடை ஆகியவற்றுக்கு உரியது. வாக்கிய அமைப்பு, நிறுத்தக்குறி, இலக்கணம், எழுத்துக்கூட்டு, சொல்வளம் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து எஞ்சியது 10. இங்கே ‘வடிவம்’ என்பது கேட்கப்பட்ட எழுத்துவகையைக் குறிக்கும். தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளில் நடக்கும் ‘நாப்ளான்’ என்ற தேசியத் தேர்வு கதை, வாதக்கட்டுரை என்ற இரண்டோடு நின்றுகொள்ள, செலக்டிவ் தேர்விலோ நாட்குறிப்பு, உரை, கடிதம், செய்தி அறிக்கை, அறிவுரைத்தாள் என எதுவும் வரலாம். அறிவுரைத்தாள் என்பது, பள்ளிக்குப் புதிதாக வரும் மாணவர் போன்ற ஒருவருக்கு வழிகாட்டும் வகையில், சிறு தலைப்புகளோடும் முன்னிலையில் பேசும் குரலோடும் எழுதப்படுவது. இதைக் கதைபோல எழுதிய பிள்ளை, எத்துணை அழகாக எழுதியிருப்பினும், வடிவத்தில் தவறிவிடுகிறது.

உருப்போட்ட கதை எவ்வாறு உடைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். புயலில் சிக்கிய படகைப் பற்றிய கதை ஒன்றைப் பிள்ளை வரிக்கு வரி மனத்தில் வைத்திருக்கிறது எனக் கொள்வோம். தேர்வில் வருவதோ பூட்டிய இரும்புக் கதவின் படம்; அதற்கு அப்பால் சென்று வந்த ஒருவரின் நாட்குறிப்பை எழுதுமாறு வினா கேட்கிறது. பிள்ளை முதல் இரண்டு வரிகளில் கதவைத் திறந்து, மூன்றாம் வரியில் எப்படியோ கடற்கரையை அடைந்து, நான்காம் வரியில் படகில் ஏறிவிடுகிறது. அதன்பின் வரும் அலைகளும் மின்னல்களும் பெரியவர் ஒருவர் செதுக்கித் தந்த சொற்களில் பளபளக்க, கதவைத் திறந்த இரு வரிகள் மட்டும் பதினொரு வயதின் குரலில் இருக்கும். அந்த ஒட்டை மதிப்பீட்டாளர் காணாமலிருக்க வழியில்லை. அவ்விரு வரிகளே அந்தப் பிள்ளை உண்மையில் எழுதியவை என்பதும், அவற்றைத் தொடரவிட்டிருந்தால் ஒரு நல்ல பக்கம் பிறந்திருக்கக்கூடும் என்பதும்தான் வருத்தம் தருவது.

ஆகவே வீட்டில் பழக்கத்தக்கது, ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றவற்றை விட்டுவிடும் திறன். ஊருக்குத் திரும்பும் பாட்டியை விமான நிலையத்தில் வழியனுப்பியதை எழுதச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் அன்று காலை கண்விழித்ததிலிருந்து தொடங்குகின்றனர்; பல் துலக்கி, காரில் ஏறி, நெரிசலைக் கடந்து நிலையத்தை அடைவதற்குள் பதினைந்து நிமிடம் கழிந்துவிடுகிறது. அதே நிகழ்ச்சியில் எடைபார்க்கும் மேடையருகே நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் எடை கூடிவிட, பாட்டி வரிசையை விட்டு விலகித் தரையில் அமர்ந்து, அக்கம்பக்கத்தாருக்காக வாங்கிய சாக்லேட் பொட்டலங்களைத் தொடாமல், தம்முடைய கம்பளிச் சட்டையை உருவி எடுத்துப் பேரனின் தோளில் போட்டு, “எனக்கு அங்க எதுக்குடா, உனக்குத்தான் குளிரும்” என்கிறார். பேரன் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சட்டையில் தைல வாடை. இவ்வளவே போதும். பிரிவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே பிரிவு சொல்லப்பட்டுவிடுகிறது. முப்பது நிமிடத்துக்குள் அடங்குவதும் இத்தகைய ஒரு காட்சிதான்.

தமிழ் பேசும் வீட்டுக்கு இங்கே ஒரு நற்பேறு உண்டு, அதைப் பல பெற்றோர் குறையாக எண்ணி மறைக்கின்றனர் என்பது கவலைக்குரியது. ஆங்கிலக் கட்டுரைக்குத் தமிழ்ப் பேச்சு இடையூறு என்று கருதித் தேர்வாண்டில் வீட்டிலும் ஆங்கிலமே பேசத் தொடங்கும் குடும்பங்கள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை அவ்வாண்டு நிறுத்திவிடுவோரும் உள்ளனர். ஆனால் கண்டதையும் கேட்டதையும் நுணுக்கமாகச் சொல்லும் பழக்கம் எம்மொழியில் வளர்ந்தாலும் அது எழுத்துக்குள் வந்துசேரும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று அடங்குவதற்கும், மழை ‘சடசட’ எனக் கூரையில் இறங்குவதற்கும், பழைய கதவு ‘கிறீச்’ எனத் திரும்புவதற்கும் தமிழ்ப் பிள்ளையின் காதில் தனித்தனிச் சொல் இருக்கிறது. இவ்வொலிக்குறிப்புகளை ஆங்கிலத்தில் பெரும்பாலும் வினைச்சொல்லே சுமக்கின்றது என்று காட்டி, ‘சுர்’ என்பதற்கு ஈடான வினையைத் தேடச் சொன்னால், பிள்ளை இரண்டு மூன்றைச் சொல்லிப் பார்த்து, ஒன்றைத் தள்ளி, ஒன்றை ஏற்கும். பட்டியலிட்டு மனப்பாடம் செய்த கடினச் சொற்கள் பத்தியில் துருத்திக்கொண்டு நிற்க, இவ்வாறு தேடிக் கண்ட சொல் தனக்குரிய இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஐந்து நிமிடம் சிந்தனை, இருபது நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் திருத்தம் என்ற வழக்கமான பகுப்பு போதுமானது. அவற்றுள் முதல் ஐந்தைத்தான் பிள்ளைகள் முதலில் கைவிடுகின்றனர். பக்கத்து இருக்கையில் விசைப்பலகை ஒலிக்கத் தொடங்கியதும் தம் விரலும் ஓடவேண்டும் என்ற பதற்றமே காரணம். முடிவு இன்னதென்று தெரியாமல் தொடங்கிய கதை, கடைசி நிமிடத்தில் எல்லாம் கனவு என்று முடிவதும் அதனால்தான். 2025 முதல் தேர்வு கணினியில் நடப்பதால் தட்டச்சுப் பழக்கமும் தேவையாகிவிட்டது. இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடும் பிள்ளை சிந்தனையின் நூலைத் தவறவிடுகிறது. ஆனால் கடிகாரத்தைத் தொடக்கத்திலேயே மேசையில் வைப்பது பெரும்பிழை. சில மாதங்கள் நேரம் பாராமல் எழுதி, எழுதுவதில் சுவை கண்டபின், தேர்வுக்கு எட்டுப் பத்து வாரம் முன்பு கடிகாரத்தைக் கொண்டுவந்தால் அது பிள்ளையை மிரட்டுவதில்லை.

வீட்டில் எழுதியதைப் படிக்கும் பெற்றோர் சிவப்பு மையை எடுத்து முதல் வரியின் எழுத்துப்பிழையை வட்டமிடுவதே வழக்கமாக உள்ளது. மேற்கண்ட மதிப்பெண் பகுப்பின்படி பார்த்தாலும் இது தலைகீழான முறை. முதல் வாசிப்பில் கையில் பேனா இல்லாமல் இருப்பதும், முழுவதையும் படித்துவிட்டு “அப்புறம் என்ன ஆச்சு?”, “அந்தச் சட்டை இப்ப எங்க இருக்கு?” என்று கதை கேட்பவராகக் கேட்பதும் பிள்ளைக்குச் செய்யும் பேருதவி. விடை சொல்லும்போதே தான் எழுத மறந்தது எது என்பதைப் பிள்ளை உணர்ந்துகொள்கிறது. பிழை திருத்தம் மறுநாள் நடக்கட்டும்.

தேர்வின் முடிவு ஆகஸ்டு மாதத்தில் வருகிறது. அதில் மதிப்பெண் இராது. ஒவ்வொரு பிரிவிலும் பிள்ளை முதல் 10 விழுக்காட்டில் உள்ளதா, அடுத்த 15-இல் உள்ளதா, அதற்கடுத்த 25-இல் உள்ளதா, எஞ்சிய பாதியில் உள்ளதா என்ற பட்டை மட்டுமே தெரிவிக்கப்படும். ஆகவே பிள்ளை எழுதியது வீட்டாருக்குத் தெரியவருவது மே மாதத்தின் அந்த ஒரு நாளில், தேர்வு மையத்திலிருந்து திரும்பும் காரில்தான். “முடிச்சியா? எவ்வளவு எழுதின?” என்ற கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லே விடையாக வரும். என்ன கதை எழுதினாய் என்று கேட்கும் குடும்பத்திலோ, பின் இருக்கையில் சாய்ந்திருந்த பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லத் தொடங்குகிறது.