உருபியலும் வேற்றுமையியலும்: விருத்தாசலம் மழைக்குறிப்புகள்

ஐப்பசி 4

கணினிக்கான தமிழ் இலக்கணத்தை ஒரே நிரலாக எழுதினால், ஒரு விதியைத் தொட்டதும் இன்னொன்று குலைகிறது. எழுத்து, சொல், தொடர் எனக் கூறுகளாகப் பிரித்தால் பழுது எங்கே என்று தெரியும். விருத்தாசலத்தில் விடாத மழை. செராமிக் தொழிற்பேட்டையில் வார்த்த அகல்கள் காயவில்லை. வேலை நின்ற நாட்களில் தொழிலாளர் பேச்சைப் பகுத்துப் பார்க்கலாம்.

ஐப்பசி 5

‘மண்ணைக் குழை.’ எழுத்துக்கூறு முதலில் ‘க்’ என்ற ஒற்றை நீக்குகிறது. பிறகு இரட்டித்த ‘ண்’ணை ஒன்றாக்கி, மண் + ஐ எனப் பிரிக்கிறது. புணர்ச்சி விதி தலைகீழாக ஓடுகிறது. தொடர்க்கூறுக்கு இரட்டிப்பைப் பற்றிய கவலையே வேண்டாம். ‘மண், பெயர், இரண்டாம் வேற்றுமை’ என்ற செய்தி போதும். ‘பண்ணை’ வந்தால் சிக்கல்: விளைநிலமா, பண் + ஐயா? எழுத்துக்கூறு இரண்டையும் மேலே அனுப்ப வேண்டும். தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஐப்பசி 8

மின்சாரம் இல்லை. மழைதான்.

ஐப்பசி 12

இப்படிக் கூறுகளாகப் பிரிக்கும் முயற்சிகள் ஏற்கெனவே உண்டு. சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், மிரியம் பட் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ‘தமிழிமார்ப்’ தமிழைச் சொல்லளவில் பகுக்கும் நிரல். ‘பார்கிராம்’ என்ற கணினி இலக்கணக் கூட்டுமுயற்சியில் எழுவாய், செயப்படுபொருள் போன்ற அடையாளங்களைப் பல மொழி இலக்கணங்கள் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. 2002இல் எமிலி பெண்டர் குழு அறிமுகப்படுத்திய ‘கிராமர் மேட்ரிக்ஸ்’ என்ற கணினி இலக்கணச் சட்டகம் பொது விதிகளை ஒருபுறமும் மொழிக்குரியவற்றை மறுபுறமும் வைத்தது.

இத்தகைய பிரிப்பு தொல்காப்பியத்திலும் உண்டு: 3 அதிகாரங்கள், அதிகாரத்துக்கு 9 இயல்கள். வேற்றுமை உருபு பெயரோடு சேரும் விதம் எழுத்ததிகாரத்து உருபியலில் இருக்கிறது. வேற்றுமையின் பொருள் சொல்லதிகாரத்து வேற்றுமையியலில். ஒரே ‘ஐ’ இரண்டு இடங்களில் பேசப்படுகிறது, வடிவம் ஓரிடம், வேலை வேறிடம்.

ஐப்பசி 19

‘மண் குழைத்த பெண்ணின் கை.’ குழைத்தது பெண்ணா, கையா? தொடர்க்கூறு இரண்டு பகுப்புகளைத் தருகிறது. இரண்டும் இலக்கணப்படி சரி. தேர்ந்தெடுப்பது பொருட்கூறின் பொறுப்பு. அந்தக் கூறு இன்னும் எழுதப்படவில்லை.

ஐப்பசி 20

மீண்டும் மழை. வாக்கியம் அப்படியே நிற்கிறது.

ஐப்பசி 27

வெயில். சூளையில் தீ மூட்டியாயிற்று. தொழிலாளர் ‘இன்னும் காயல’ என்றால் எழுத்துத்தமிழுக்கு எழுதிய பகுப்பி திகைக்கிறது. அதற்காக, ஏற்கெனவே இருக்கும் விதிகளைத் திருத்த வேண்டியதில்லை. ‘காயல’ என்பதைக் ‘காயவில்லை’ ஆக்கும் பேச்சுக்கூறு ஒன்றை முன்னால் வைத்தால் போதும். அதை எழுத நிரல் முழுவதும் தெரிந்திருக்கத் தேவையில்லை. வட்டாரப் பேச்சும் புணர்ச்சியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழாசிரியர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும்.