விக்கிய கணினி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பாடங்கள் வீட்டிற்கே வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாளில் என் இல்லத்து மேசைக் கணினி பாடத்தின் நடுவே விக்கத் தொடங்கியது. படம் உறையும், சொல் பாதியில் அறும். முதலில் மலைநாட்டு இணையத்தைப் பழித்தேன். பின்னர், விளையாட்டுகளை ஏற்றிக் கெடுத்தவன் நீயே என்று இளைய மகனைக் கடிந்தேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. “இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள், அப்பா” என்றான். துண்டித்துவிட்டு, சேமித்து வைத்திருந்த பாடக் காணொளியை ஓட்டினோம். பத்து நிமிடம் சீராக ஓடிற்று, பின்பு விக்கிற்று. ஆகவே, குற்றம் இணையத்தினுடையதன்று.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். விசிறியின் அடியில் பஞ்சுமெத்தைபோல் தூசி! குளிர்மலையில் இயந்திரம் சூடாகாது என்பது என் பேதைமை. தொழிற்சாலையில் காற்றுப் புகாவிடில் கொழுந்து வாடுமா? அதுபோலவே இங்கும் காற்றின்றிச் சூடு வெளியேறவில்லை. சூடு மிகுந்தால், கணினியின் மூளையாகிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விக்கலின் காரணம் அதுவே.

விசிறி சுழலாவண்ணம் விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் துடைத்தோம். மறுநாள் பாடம் தடையின்றி நடந்தது. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். விளையாட்டுகளை அவன் நீக்கவில்லை. நானும் அதுபற்றிக் கேட்கவில்லை.