அக்கா ஏன் மறைத்தாள்?

“முதியோர் இல்லம்” என்ற பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிடுகிறது, இல்லையா? ‘பெற்ற பிள்ளைகள் இருந்தும் இந்தக் கதியா!’ என்று ஒரு ‘உச்’ கொட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்க்கிறோம். நானும் கொட்டியவள்தான். வேறு யாருக்காகவும் இல்லை. என் கூடப் பிறந்த அக்காவுக்காகவே கொட்டினேன்.

எங்கள் ஊர் வடமதுரை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். சௌந்தரராஜப் பெருமாள் கோவில் உள்ள ஊர் என்றால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அக்கா வாக்கப்பட்டு, அத்தானின் உத்தியோகத்தோடு ஊர் ஊராகச் சுற்றினாள். நான் உள்ளூரிலேயே வாக்கப்பட்டு, பிறந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் கிழவியாகிவிட்டேன்.

2014-ஆம் வருஷம் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். “கோயமுத்தூர்ப் பக்கம், மலை அடிவாரத்தில், வயசானவர்களுக்காகவே வீடு கட்டி விற்கிறார்களாம். நானும் உன் அத்தானும் போய்ப் பார்த்துப் பணமும் கட்டிவிட்டோம்” என்றாள். அப்போது அவளுக்கு வயது 66. பிள்ளை வெளிநாட்டில், பெண் பெங்களூரில். இருவருமே “எங்களோடு வந்துவிடுங்கள்” என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அக்காதான் போகவில்லை.

“ஊரில் என்னவென்று சொல்வது, அக்கா?” என்று கேட்டேன்.

“ஊட்டிக்குப் போயிருக்கிறாள், வர நாளாகும் என்று சொல்லேன்” என்று சிரித்தாள்.

மூன்று மாதம் கழித்து, முறுக்கும் நெல்லிக்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை ஒன்றும் எடுத்துப் போனேன். அதற்கு வேலையே இல்லை!

போன அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் இல்லை. எங்கே என்று விசாரித்தால், கேரம் போட்டியில் இருக்கிறாளாம்! அத்தான் அரை நிஜாரோடு பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். யோகாசன வகுப்பு, பஜனை, புத்தகசாலை, மாதம் ஒரு கோவில் யாத்திரை என்று அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் உட்கார நேரமில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பொறாமையாக இருந்தது சாப்பாட்டுக் கூடந்தான். நாற்பத்தைந்து வருஷமாக ‘இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது?’ என்ற கேள்வியோடு கண் விழித்தவள் என் அக்கா. அங்கே மணி அடித்ததும் போய் உட்கார்ந்தால் இலையில் சாதம் விழுகிறது. சகோதரிகளே, அத்தானுக்கு அரசாங்கம் 58 வயதில் ஓய்வு கொடுத்தது. அக்காவுக்கு 66 வயதில், அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் ஓய்வு கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பெரிய அளவில் பிரபலமானது 1960-ஆம் வருஷம். அரிஸோனா என்ற பாலைவன மாகாணத்தில் டெல் வெப் என்பவர் ‘சன் சிட்டி’ என்று, வயதானவர்களுக்காகவே ஓர் ஊரைக் கட்டினார். ஜனவரி முதல் தேதி திறப்பு. குழிப்பந்து மைதானம், கடைகள், பொழுதுபோக்கு மண்டபம் எல்லாம் தயாராக இருந்தன. பார்க்க வந்த கூட்டம், அந்த வாரக் கடைசியில் மட்டும் சுமார் ஒரு லட்சமாம்! ஓய்வு என்றால் மூலையில் முடங்குவது அல்ல, விளையாடுவது என்ற எண்ணத்தை அந்த ஊர்தான் பரப்பியது. நம் தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் குடியிருப்புகளுக்குப் பேர் போனது கோயமுத்தூர். சிறுவாணித் தண்ணீரும், மிதமான வெயிலும், நிறைய ஆஸ்பத்திரிகளும் இருந்தால் யார்தான் வரமாட்டார்கள்?

2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஆகவே இது அக்கா வீட்டு விஷயம் மாத்திரமல்ல; உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு நாள் வந்து நிற்கப்போகிற விஷயம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

வருஷங்கள் போயின. ஒரே சமயத்தில் ரயிலேறிய பிரயாணிகள் ஒரே சமயத்தில்தானே களைத்துப்போவார்கள்? அக்காவோடு குடிவந்தவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டிய ஜோடிகள். ஏழெட்டு வருஷத்தில் எல்லோரும் எழுபதைத் தாண்டினார்கள். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் பூப்பந்து மைதானத்தில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். வெளித் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலிகள் கூடியிருந்தன. முன்பு எல்லோரும் வாய்க்கு ருசியாகக் கேட்ட சமையற்கட்டில், “குழைய வடி அப்பா, உப்பைக் குறை” என்ற குரல்கள் கேட்டன. 2020-இல் அத்தான் போய்விட்டார். அப்போதும் அக்கா ஊருக்கு வரவில்லை. “இங்கே என்னைப்போல் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ராத்திரி தூக்கம் வராவிட்டால் யார் வீட்டு விளக்கு எரிகிறதென்று பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்வேன்” என்றாள்.

2023-இல் ஒரு விடியற்காலை, குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கோயமுத்தூரிலேயே ஆபரேஷன் ஆயிற்று. நானும் அவள் பெண்ணும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்ற நாளன்று, குடியிருப்பு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, இது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கான இடம். இரவும் பகலும் கூட இருக்க ஓர் ஆளை உங்கள் செலவில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “காசு வாங்கும்போது சொன்னீர்களா இதை?” என்று சண்டைக்குப் போனேன். அவர் ஒப்பந்தத்தைப் பிரித்துக் காட்டினார். இருந்தது ஐயா, இருந்தது! கடைசிக்கு முந்தின பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அத்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கவே மாட்டார். நீச்சல் குளத்தின் படம் போட்ட பக்கத்தோடு நின்றிருப்பார். அறுபது வயதில் யாருக்குத்தான் எழுபத்தைந்து வயது கண்ணில் படுகிறது?

“ஒருத்தரும் வேண்டாம். அக்காவை நான் வடமதுரைக்குக் கூட்டிப் போகிறேன்” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பெங்களூர்ப் பெண்ணின் வீடு மூன்றாவது மாடி என்பதால் அவளாலும் மறுக்க முடியவில்லை.

அழைத்து வந்த அன்றே என் வீராப்புக்கு முதல் அடி. தெருவிலிருந்து திண்ணைக்கு நாலு படி. உள்ளே போக முழங்கால் உயரத்துக்கு ஒரு நிலைப்படி. நடையையும் முற்றத்தையும் தாண்டினால், கொல்லைக் கோடியில் குளியலறை. ஐம்பது வருஷமாகப் பெருமையோடு சாணி தெளித்துக் கோலம் போட்ட அந்த வீடு, அக்காவின் நடைவண்டிக்கு முன்னால் ஒரு கோட்டை மாதிரி நின்றது!

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2021-இல் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கவும் ஒரு பெண் வந்தாள். அந்தப் புண்ணியவதியால்தான் அக்கா ஆறே வாரத்தில் அடியெடுத்து வைத்தாள்.

ஆனால் அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. என் மருமகள் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். எனக்கோ அடுப்படி வேலை. எதிர் வீட்டுக்காரிகள் வந்தால், “பிள்ளை போன் பண்ணினானா? பெண் வந்து பார்த்தாளா?” என்று விசாரணை நடத்திவிட்டுப் போவார்கள். கேரம் ஆட ஆளில்லை. படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஒரு நாள் நடுநிசியில் ஏதோ உரசுகிற சத்தம். எழுந்து பார்த்தால் அக்கா! முற்றத்து ஓரமாகச் சுவரைப் பிடித்து, உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“என்னைக் கூப்பிட்டால் என்ன, அக்கா?” என்று பதறினேன்.

அவள் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அங்கேயும் நான் கூப்பிட்டதில்லை, தங்கச்சி. எலும்பு முறிந்தது மூன்றாவது தரம். அதற்கு முன்னால் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.”

“ஏன்?”

“சொன்னால் ‘இவளால் தனியாக இருக்க முடியாது’ என்று எழுதிக்கொள்வார்கள். அனுப்பிவிடுவார்கள். நான் மட்டுமில்லை. என் பக்கத்து வீட்டு டீச்சரம்மா, தன் புருஷனுக்கு ஞாபகம் தப்பிப்போவதை ஒரு வருஷமாக மறைத்துக்கொண்டிருக்கிறாள். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால், முந்திக்கொண்டு அவளே பதில் சொல்லிவிடுவாள்.”

வாசகிகளே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழே விழுவது கிழவயதில் சின்ன விஷயமில்லை. தற்செயலான காயங்களால் உலகத்தில் ஏற்படும் மரணங்களில், சாலை விபத்துகளுக்கு அடுத்தபடி விழுவதால் ஏற்படுபவைதான் அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதிலும் அறுபது தாண்டியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முதல் தடவை விழுந்தபோதே சொல்லியிருந்தால், சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தியிருக்கலாம். கண்ணையும் மாத்திரையையும் ஒரு டாக்டர் பரிசோதித்திருக்கலாம். எலும்பு தப்பியிருக்கும். எது அவளைப் பேசவிடாமல் செய்தது? தரை வழுக்கியதைவிட, ‘வெளியே போ’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அல்லவா அவளை முடமாக்கியது!

மறுநாள் காலை என் கௌரவத்தைக் கொல்லையில் போட்டுவிட்டுக் கேட்டேன்: “அக்கா, உனக்கு அங்கேதான் போக வேண்டுமா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று மாதத்தில் முதல் முறையாகக் கண்ணில் வெளிச்சம்.

நான் போனேன். டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா விழுந்த கதையைச் சொன்னேன். அவள் கோவென்று அழுதாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. ஒருவர் இரண்டு மாதமாகக் குளிக்கப் பயந்து துடைத்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் தனித்தனியாக மறைத்த ரகசியம் ஒரே ரகசியந்தான்! அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம் போட்டு, நிர்வாகத்தையும் அழைத்தார்கள்.

கூட்டத்தில் வாக்குவாதம் பலமாகத்தான் நடந்தது. புதிதாக வந்த அறுபது வயதுக்காரர் ஒருவர், “நான் ஆஸ்பத்திரியில் குடியிருக்கப் பணம் கொடுக்கவில்லை” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. கடைசியில், ஆளுக்கு ஓர் ஆயா வைப்பதற்குப் பதில் ஆறு வீடுகள் சேர்ந்து பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி என்று பங்கு போட்டுக்கொள்வது என முடிவாயிற்று. மாடியில் இருந்த இருவர் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். எல்லாக் குளியலறையிலும் கைப்பிடி. இன்னொரு வழக்கம் அக்காவே யோசித்தது: இரவு படுக்கும்போது கதவில் ஒரு சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும், காலையில் எடுத்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மேலும் அட்டை தொங்கினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. டீச்சரம்மாவின் புருஷருக்கு மறதி முற்றிக்கொண்டு வருகிறது. நாளைக்கு அவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் யார் பொறுப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் டீச்சரம்மா இப்போது மறைக்கவில்லை. அவருடைய சட்டைப் பையில் பேரும் போன் நம்பரும் எழுதி வைத்திருக்கிறாள். காவலாளியிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

நீங்களோ உங்கள் பெற்றோரோ இப்படி ஓர் இடத்துக்குப் போவதாக இருந்தால், நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “நான் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? நினைவு தப்பினால் வைத்துக்கொள்வீர்களா? சேவைக் கட்டணம் வருஷா வருஷம் எவ்வளவு ஏறும்? ஒருவர் போய்விட்டால் மற்றவரின் உரிமை என்ன?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். மத்திய அரசு 2019-இல் ஓய்வு இல்லங்களுக்கென்று மாதிரி விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. சக்கர நாற்காலி போக வழி, வழுக்காத தரை, கட்டியவர், சேவை செய்பவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தம் எல்லாம் அதில் உண்டு. வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்கும் வழி இருக்கிறது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 2007-ஆம் வருஷச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம். 14567 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டால் யோசனை சொல்வார்கள்.

அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் நான் செய்த முதல் காரியம், கொத்தனாரைக் கூப்பிட்டதுதான். நிலைப்படிக்குச் சாய்தளம் போட்டு, குளியலறைச் சுவரில் கைப்பிடி பதிக்கச் சொன்னேன்.

“யாருக்கு இதெல்லாம்?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“அக்கா தீபாவளிக்கு வருவாள் இல்லையா, அவளுக்குத்தான்” என்றேன்.

இவ்வளவு எழுதிவிட்டு உங்களிடம் மறைக்கலாமா? சிமெண்ட் காய்ந்த அன்றிலிருந்து அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவள் நான்தான்.