நிழல் தெற்கே விழுந்த நாள்

நான் படித்த பள்ளியில் அறிவியல் அலமாரி ஆண்டுக்கு ஒரு முறைதான் திறக்கப்படும். ஆயுத பூசைக்கு முதல் நாள் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையிலிருந்து சாவி வரும். உள்ளே ஒரு முப்பட்டகம், இரண்டு லாட காந்தங்கள், ஒரு வோல்ட்மீட்டர், விரிசல் விட்ட கண்ணாடிக் குடுவைகள் சில. எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, சரசுவதி படத்தின் முன் வரிசையாக வைப்போம். பூசை முடிந்ததும் அவை பொட்டுகளோடு அலமாரிக்குத் திரும்பிவிடும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பூசையன்று அந்த முப்பட்டகத்தைக் கையில் எடுத்தேன். வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரியும் என்று பாடத்தில் படித்திருந்தேன். படமும் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். சன்னலை நோக்கித் திருப்புவதற்குள் முதுகில் அடி விழுந்தது. "உடைஞ்சா உங்கப்பனா காசு குடுப்பான்?" என்றார் அறிவியல் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. வலியை விட அந்தச் சிரிப்புத்தான் நெடுநாள் உடன் வந்தது.

பின்னாளில் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்தேன், கல்லூரியில் விரிவுரையாளரானேன். ஏன் தமிழைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மாணவிகள் கேட்கும்போதெல்லாம் சங்கப் பாடல்கள் மீதிருந்த காதலைச் சொல்வேன். பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த அலமாரிக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்ளச் சென்ற ஆண்டு மே மாதம் வரை ஆகிவிட்டது.

இயற்பியல் துறைத் தோழி ஒருத்தி ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் திருச்சிக்கு வெளியே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஐந்து நாள் அறிவியல் முகாம் நடத்துகிறாள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடியும் பகல் முகாம். கட்டணம் இல்லை. நகரத்தில் இதே விடுமுறையில் ரோபோ செய்யக் கற்றுத்தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் முகாம்களும் நடக்கின்றன. என் பதினொரு வயது மகனை அப்படி ஒன்றில் சேர்ப்பதா, அல்லது ஆறாம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வுக்கு அடித்தளம் போடும் பயிற்சி வகுப்பில் சேர்ப்பதா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. முடிவெடுக்க முடியாத நிலையில் அவனைத் தோழியோடு அனுப்பிவைத்தேன். "நீயும் வாயேன், ஒரு மணி நேரம் கதை சொல்லு" என்றாள். கதை சொல்லப் போனவள் ஐந்து நாளும் போனேன்.

நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலும் அந்தப் பள்ளியில் படிப்பவர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. கருவிகள் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன: தீக்குச்சிகள், சைக்கிள் வால்வு டியூப், பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தங்கள், ஊக்குகள், எனாமல் பூசிய செப்புக் கம்பி, உறிஞ்சுகுழல்கள், கண்ணாடிக் கடையில் கழித்துப் போட்ட துண்டுகள். பெட்டிக்குப் பூட்டு இல்லை என்பதை முதல் நாளே கவனித்தேன்.

தீக்குச்சிகளை வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து முதலில் ஒரு சதுரம் செய்தார்கள். விரலால் தள்ளினால் அது சாய்ந்து சாய்சதுரமானது. முக்கோணம் செய்தார்கள். எவ்வளவு தள்ளியும் அது சாயவில்லை. சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சியை வைத்தால் அதுவும் நின்றுவிடுகிறது என்பதை ஒரு பையன் தானாகவே கண்டான். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று அதன்பின் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதத் தெரிந்த பிள்ளைகளுக்கு உறிஞ்சுகுழலின் நுனியைத் தட்டையாக்கிக் கூராக வெட்டி ஊதுவது புதிதாக இல்லை. ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரித்துக்கொண்டு வந்தால் சுருதி ஏறிக்கொண்டே போவதுதான் புதிது. அரை மணி நேரம் பள்ளி முழுக்க நாதசுரக் கச்சேரி.

இந்தத் தீக்குச்சி விளையாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு என்று தோழி சொன்னாள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில், செய்து கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். கிராமச் சந்தையில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு அவர் செய்யத் தொடங்கிய பொம்மைகள் பிறகு நாடெங்கும் பரவின. ஹோஷங்காபாத் திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. பொம்மைகளை யாராலும் நிறுத்த முடியவில்லை. தமிழில் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்ததில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கும், 1987 முதல் வெளிவரும் அதன் சிறுவர் இதழான 'துளிர்' இதழுக்கும் பெரும் பங்குண்டு. 2022இல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் இதே செய்முறைகளை அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்குள் கொண்டுவந்தது. நான் எட்டாம் வகுப்பு படித்த நாட்களில் 'துளிர்' வந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் ஊர் எல்லையை அது தாண்டி வரவில்லை, அல்லது வந்ததை எங்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வெயிலில் வைத்தார்கள். எதிர்ச் சுவரில் ஏழு நிறங்களும் விழுந்தன. தாம்பாளம், தண்ணீர், கண்ணாடி. எங்கள் வீட்டில் இந்த மூன்றும் எப்போதும் இருந்தன. முப்பட்டகத்தைத் தொட்டு அடி வாங்கிய அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் இதை நான் பார்த்திருக்க முடியும். பிள்ளைகள் தண்ணீரைக் கலக்கி, சுவரில் நிறங்கள் ஆடுவதைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

அன்று மின்மோட்டார் செய்தார்கள். டார்ச் பேட்டரியின் இரு முனைகளிலும் ஊக்குகளை ரப்பர் வளையத்தால் பிணைத்து, செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதன் இரு நுனிகளையும் ஊக்குக் கண்களில் நுழைத்து, கீழே காந்தத்தை வைக்க வேண்டும். கம்பி மீதுள்ள எனாமலைச் சுரண்டுவதில்தான் சூட்சுமம். ஒரு நுனியில் முழுக்கச் சுரண்ட வேண்டும்; மறு நுனியில் பாதிச் சுற்றளவு மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டிவிட்டால், முதல் அரைச் சுற்றில் சுருளை முன்னே தள்ளும் விசை அடுத்த அரைச் சுற்றில் பின்னே இழுக்கும். பாதி எனாமல் இருந்தால் அந்த அரைச் சுற்றில் மின்னோட்டம் அறுபட்டு, சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும்.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் மோட்டார் துடித்தது, சுற்றவில்லை. அரைச் சுற்று போகும், திரும்பி வரும். அவள் அதை விரலால் மெல்லத் தட்டிவிடுவாள், குனிந்து பார்ப்பாள், கம்பியைக் கழற்றிப் பார்ப்பாள், மீண்டும் மாட்டுவாள். இருபது நிமிடம் இதையே செய்துகொண்டிருந்தாள். முந்தின மேசையில் தோழி விளக்கியதைக் கேட்டிருந்த எனக்குக் காரணம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. "குடும்மா இங்க" என்று அவள் கையிலிருந்து சுருளை வாங்கினேன். வேறொரு கம்பியில் சுருள் சுற்றி, அளவாகச் சுரண்டி, மாட்டினேன். சரசரவென்று சுற்றியது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. என் வாழ்வில் நான் செய்த முதல் மோட்டார் அது. சுற்றியிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் அங்கே இல்லை. உறிஞ்சுகுழல் மேசையில் போய் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பழைய சுருள் மேசை மீது கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அதன் ஒரு நுனியில் சின்னதாக ஓர் இடத்தில் நகப்பூச்சு தடவியிருந்தாள். யாரிடமோ வாங்கி வந்திருக்கிறாள். ஈரம் இன்னும் காயவில்லை.

முகாமில் உதவிக்கு இருந்த கல்லூரி மாணவன் அதைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா போதும் மேடம்."

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. நான் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, யாரையும் சிரிக்க வைக்கவில்லை. ஆனாலும் அவள் கையிலிருந்ததை நான் பிடுங்கினேன். என் ஆசிரியர் உடைந்துவிடுமென்று பிடுங்கினார். நான் அன்பினால் பிடுங்கினேன். பிடுங்கப்பட்டவளுக்கு இரண்டும் ஒன்றுதான். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நான் செய்துவருவதும் இதுதானோ என்ற ஐயம் அன்று எழுந்தது. பாடலை வாசித்த மறுகணமே பதவுரை, பொழிப்புரை, இறைச்சிப்பொருள் என்று எல்லாவற்றையும் சுரண்டிக் கையில் கொடுத்துவிடுவேன். மாணவிகள் எழுதிக்கொள்வார்கள், தேர்ச்சியும் பெறுவார்கள். அவர்கள் முகத்தில் நகப்பூச்சு காயும் நேரத்தை நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை.

நான்காம் நாள் நிழல் பார்த்தார்கள். ஒரு மீட்டர்க் கோலை மைதானத்தில் செங்குத்தாக நட்டு, பதினொன்றரை மணி முதல் நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். மிகக் குறுகிய நிழல் பன்னிரண்டு மணிக்கு வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மனத்துக்குள் சொன்னேன். வந்தது 12 மணி 12 நிமிடம் வாக்கில். நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. திருச்சி அதற்கு ஏறத்தாழ நான்கு பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று சூரியன் தாமதித்து வருகிறது. நாளுக்கு நாள் மாறும் சிறு திருத்தம் ஒன்றும் இதில் உண்டு. நிழலின் நீளம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். ஆனால் அது விழுந்த திசைதான் பிள்ளைகளைக் குழப்பியது. நிழல் தெற்கே கிடந்தது. தையிலும் மாசியிலும் வடக்கே விழுந்த நிழல் இப்போது ஏன் தெற்கே விழுகிறது?

தோழி பதில் சொல்லவில்லை. நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்து அந்த மோட்டார்ச் சிறுமி, யாரையும் பார்க்காமல், கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வீடு வடக்குப் பார்த்த வாசல். தை மாசம் வாசப்படியில வெயிலே வராது. இப்ப வெயில் உள்ள வந்து அம்மாவுக்கு உக்கார முடியல. சூரியன் நமக்கு வடக்கால போயிருச்சு."

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. அரண்மனை கட்டும் பகுதியில், சூரியன் எப்பக்கமும் சாயாத நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசையறிந்து, நூலிட்டு மனை வகுக்கும் செய்தி அதில் வருகிறது. நச்சினார்க்கினியர் அதைச் சித்திரைத் திங்களின் நடுவில் வைத்து உரை சொல்கிறார். ஏன் சித்திரை என்று பதினெட்டு ஆண்டுகளில் நான் கேட்டதில்லை; எந்த மாணவியும் கேட்டதில்லை. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே கடந்து போவது அப்போதுதான். பாடலை நான் விளக்கினேன், வெயிலில் நின்றதில்லை.

திரும்பி வரும் பயணத்தில் சூரியன் நம் தலைக்கு மேலே மறுபடியும் கடக்கும். திருச்சிக்கு அது ஆகஸ்ட் 24, 25 வாக்கில். சென்ற ஆகஸ்டில் இரண்டாமாண்டு முதுகலை மாணவிகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, பாடலில் உள்ளபடி இரண்டு கோல்களை நட்டோம். உரை சொல்லவில்லை. 12 மணி 17 நிமிடம் நெருங்கும்போது மேகம் வந்து மூடிக்கொண்டது. யாரும் வகுப்புக்குத் திரும்பவில்லை. "ஒரு கோல் போதுமே, எதுக்கும்மா ரெண்டு?" என்றாள் ஒருத்தி. என்னிடம் பதில் இருந்தது. மேகம் விலகட்டும் என்று சொல்லிவிட்டு நானும் அவர்களோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.