கோமுகி அணைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வருவாரா?

அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று மாலையே வீட்டில் கிளம்பும் கேள்வி இது: “லீவுக்கு எங்கே போறோம்?”

கேட்கிற பிள்ளையின் கையில் அப்பாவின் செல்போன் இருக்கும். அதில் ஏதோ ஒரு தீம் பார்க்கின் விளம்பரம் ஓடும். வானம் தொடும் கிறிஸ்துமஸ் மரம், சோப்பு நுரையில் செய்த பனி, சிவப்புக் குல்லாவோடு ஆடும் தாத்தா, டிஜே பாட்டு, கண்ணைக் கூசும் விளக்குகள். டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எல்லாப் பூங்காக்களிலும் ஏறக்குறைய இதே காட்சிதான்.

சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. சுமார் 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடுகள். கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலிலிருந்து அங்கே போக கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். நாலு பேர் உள்ள வீடு என்றால் பஸ், சாப்பாடு, பிள்ளை கேட்கும் பொம்மை எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தொட்டுவிடும். இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு அது ஒரு மாதச் செலவு. அதனால் விளம்பரம் மட்டும் ஓடும், லீவும் ஓடிவிடும்.

ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பின்னாலேயே மலை இருக்கிறது, அணை இருக்கிறது, பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு டிசம்பர் சீசன் நடத்தினால் என்ன?

டிசம்பரில் வடக்கனந்தல்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி வடக்கனந்தல். பக்கத்திலேயே கச்சிராயபாளையம். மலையிலிருந்து இறங்கும் கல்படை, பொட்டியம் உள்ளிட்ட ஓடைகளின் தண்ணீரைத் தேக்குவது கோமுகி அணை. 1960-களில் கட்டப்பட்ட இந்த அணையின் உயரம் 46 அடி. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத வருடங்களில் டிசம்பர் மாதம் அணை ததும்பி நிற்கும். காலையில் தண்ணீருக்கு மேலே பனிமூட்டம். அதற்குப் பின்னால் நீலமாக மலை.

இந்த நேரத்தில் ஊருக்கு ஒரு வாசனையும் உண்டு. கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், அரவைக் காலம் தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை நிறைக்கும். விடியற்காலையில் உமா மகேஸ்வரர் கோயிலில் மார்கழி பூஜை. சில வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்கு. எல்லா வாசலிலும் கோலம்.

மலையேறினால் கரியாலூரில் படகுக் குழாம் உண்டு. மேலே வெள்ளிமலை. மேகம், பெரியார் என்று அருவிகள். கோடையில் அரசு நடத்தும் கல்வராயன்மலை கோடை விழாவுக்குக் கூட்டம் வரும். காணும் பொங்கலன்று கோமுகி அணைக்கரையே சுற்றுவட்டார ஊர்களின் வீட்டு முற்றமாக மாறிவிடும். கட்டுச்சோறும் கரும்புத் துண்டுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கோடைக்கு விழா உண்டு, பொங்கலுக்குக் கூட்டம் உண்டு. தண்ணீரும் பசுமையும் உச்சத்தில் இருக்கும் டிசம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

பனிக்காலத்தில் திறந்த பூங்கா

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கும் டிவோலி, உலகின் மிகப் பழைய பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஒன்று. 1843-ல் திறக்கப்பட்டது. டிஸ்னிலேண்ட் கட்டுவதற்கு முன் வால்ட் டிஸ்னி போய்ப் பார்த்து வியந்த இடம். டென்மார்க் நமக்கு அந்நியமும் அல்ல. நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் இருக்கும் டேனிஷ் மிஷன் மருத்துவமனையின் பெயரிலேயே அந்த நாடு இருக்கிறது.

டிவோலி கோடையில் மட்டும் நடந்த பூங்கா. டிசம்பரில் கோபன்ஹேகனில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், குளிர் வேறு. யார் வருவார்கள் என்று பூட்டியே வைத்திருந்தார்கள். 1994-ல்தான் முதல்முறையாகக் கிறிஸ்துமஸுக்குத் திறந்தார்கள். மரக் கடைகள், சூடான பானம், வறுத்த பாதாம், ஏராளமான விளக்குகள். எந்த இருட்டுக்குப் பயந்து மூடினார்களோ, அந்த இருட்டுதான் விளக்குகளுக்கு அழகு கொடுத்தது. இன்று அந்தப் பூங்காவின் முக்கிய சீசன்களில் கிறிஸ்துமஸும் ஒன்று.

தன் ஊரில் அந்த மாதத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்தே டிவோலி விழா எடுத்தது. வடக்கனந்தலில் சோப்பு நுரைப் பனி கொட்டினால் பத்து நிமிடம் செல்ஃபி எடுக்கலாம். அணை நீரும் கரும்பும் மலையும் இருக்கும் ஊருக்கு அதைவிட நல்ல யோசனைகள் இருக்கின்றன.

ஊருக்கொரு நட்சத்திரம்

பிலிப்பைன்ஸ் நாட்டில் சான் பெர்னாண்டோ என்ற நகரத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் ராட்சத விளக்குத் திருவிழா நடக்கும். ஒவ்வொரு பகுதி மக்களும் சேர்ந்து, ஒரு மாடி உயரத்தையும் தாண்டும் நட்சத்திர விளக்கைச் செய்து போட்டிக்குக் கொண்டுவருவார்கள். அந்த நாட்டு நட்சத்திர விளக்கு ஆரம்பத்தில் மூங்கிலும் காகிதமும்தான்.

நம் ஊர்களிலும் மூங்கில் பத்தையைக் கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு நட்சத்திரம் செய்த தலைமுறை இருக்கிறது. கடையில் மடக்கு நட்சத்திரம் வந்தபிறகு அந்தக் கைவேலை குறைந்துவிட்டது. பேரூராட்சியின் ஒவ்வொரு வார்டும், சுற்றியுள்ள ஒவ்வொரு பள்ளியும் ஆளுக்கொரு நட்சத்திரம் செய்து அணைப் பூங்காவில் கட்டட்டும். பிளாஸ்டிக் கூடாது, மூங்கிலும் காகிதமும் மட்டும் என்பது விதி. எந்த மதத்துப் பிள்ளையும் செய்யலாம். தன் கையால் செய்த நட்சத்திரத்தைக் காட்ட ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஐந்து பேரையாவது இழுத்து வரும். இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

பாட்டுக்கு ஆள் வெளியிலிருந்து வேண்டாம்

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1958 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் மெழுகுவர்த்தி ஊர்வலப் பாட்டு நிகழ்ச்சி நடக்கிறது. அதில் பாடுகிறவர்களில் பெரும்பகுதி பள்ளிகளிலிருந்தும் உள்ளூர்ப் பாட்டுக் குழுக்களிலிருந்தும் வருகிறவர்கள். எத்தனை கோடி செலவு செய்யும் நிறுவனமும் கடைசியில் ஊர்க் குரலைத்தான் தேடுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எறையூர் போலப் பழமையான கத்தோலிக்க ஊர்கள் உண்டு. தேவாலயப் பாடகர் குழுக்கள் டிசம்பர் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பாடுகின்றன. ஒருநாள் மாலை அவர்களை அணைக்கரைக்கு அழைக்கலாம். இன்னொரு நாள் மார்கழிப் பாடல்கள். இன்னொரு நாள் பறை, தவில், நாதஸ்வரம். மாலை 4 மணி முதல் 6:30 வரை போதும். மைக் சத்தம் மலைப்பக்கம் போகக் கூடாது.

தாத்தாவுக்கு ஒரு வேலை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ‘சான்டா கிளாஸ்’ என்றே ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டு ஆசையாக வந்த குழந்தைகள், அங்கே தாத்தாவைக் காணாமல் முகம் வாடிப் போவார்களாம். அதைப் பார்த்து வருந்திய லூயிஸ் கோச் என்ற தொழிலதிபர் 1946-ல் அங்கே ‘சான்டா கிளாஸ் லேண்ட்’ என்ற பூங்காவைத் திறந்தார். அந்த ஊருக்குக் குழந்தைகள் எழுதும் கடிதங்களுக்குத் தன்னார்வலர்கள் பதில் எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

இதை நம் அஞ்சல் துறையோடு சேர்ந்து செய்யலாம். பூங்காவில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி. குல்லா போட்ட தாத்தா ஆடிக் களைப்பதை விட, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அஞ்சல் அட்டை கொடுக்கட்டும். ஊரில் இருக்கும் பாட்டிக்கோ, பெங்களூரு, திருப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கோ பிள்ளை நாலு வரி எழுதிப் போடட்டும். பிழைப்புக்காக ஆட்கள் வெளியூர் போகும் பகுதி இது. லீவு முடிந்த பிறகும் அந்த அட்டை ஒரு வாடகை அறையின் சுவரில் ஒட்டியிருக்கும்.

கடைகள் யாருக்கு?

இந்தச் சீசனின் முக்கியமான கேள்வி இதுதான். மலையில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன் என்று விளைவதும் கிடைப்பதும் நிறைய. விலை வைப்பது மட்டும் வேறு யாரோ.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே இந்த மாவட்டத்தின் பெயரை உச்சரித்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கும் நிலை வந்தது. சாராயத்தைத் தடுக்க போலீஸ் வேண்டும்தான். நேர்மையாகச் சம்பாதிக்க ஒரு சந்தையும் வேண்டும்.

அதனால் அணைப் பூங்காவில் போடும் கடைகளில் பாதியாவது மலைக் கிராமப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு, வாடகை இல்லாமல். சாமைப் பொங்கல், கேழ்வரகு அடை, அவித்த மரவள்ளிக் கிழங்கும் காரச் சட்னியும், தேன் பாட்டில். அடிவாரத்து விவசாயிகளுக்குக் கரும்புச்சாறு, வெல்லப்பாகு மிட்டாய்க் கடை. சீசன் கிறிஸ்துமஸ் இரவோடு முடியவும் வேண்டாம். டிசம்பர் 24-ல் தொடங்கிப் புத்தாண்டைத் தாண்டிக் காணும் பொங்கல் வரை வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் வியாபாரம். மலைவாசிகளை மேடையில் ஏற்றிக் காட்சிப்பொருள் ஆக்காமல், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார வைப்பதுதான் அவர்களுக்கு மரியாதை.

டிக்கெட், டாய்லெட், கடைசி பஸ்

எந்தப் பூங்காவின் பெயரும் கெடுவது ரைடால் அல்ல. கழிப்பறையால், வரிசையால், திரும்பிப் போக வண்டி இல்லாததால். டிவோலியில் நுழைவுக்கு ஒரு கட்டணம், ரைடுக்குத் தனிக் கட்டணம். சும்மா சுற்றிப் பார்க்க வருகிற பாட்டி ராட்டினத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இங்கேயும் அப்படி வைக்கலாம்: நுழைவுக்குப் பத்து ரூபாய், படகுக்கும் ராட்டினத்துக்கும் தனி. அந்தப் பத்து ரூபாய் கழிப்பறைச் சுத்தத்துக்கும் குப்பை அள்ளுவதற்கும் மட்டுமே.

ஃப்ளோரிடா டிஸ்னியில் 1983 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் மாலை விருந்துக்குத் தனி டிக்கெட் உண்டு. அளவுக்கு மேல் விற்பதில்லை. மலைப்பாதை குறுகல் என்பதால் இங்கும் அந்தக் கட்டுப்பாடு அவசியம். வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, மேலே போகச் சிறிய பேருந்து விடலாம். இரவு 8 மணிக்குக் கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ் உறுதியாக இருந்தால்தான் பெண்களும் குழந்தைகளும் நிம்மதியாக வருவார்கள். மது அருந்தியவருக்கு வாசலிலேயே தடை. அணையின் கரையோரம் வேலியும், நீச்சல் தெரிந்த காவலரும் இல்லாமல் விழாவைத் தொடங்கவே கூடாது.

அணைக்கு நீர்வளத் துறை, மலைக்கு வனத்துறை, ஊருக்குப் பேரூராட்சி, விழாவுக்குச் சுற்றுலாத் துறை. இந்த நாலு பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்க மாவட்ட ஆட்சியரால் முடியும். கோடை விழாவுக்கு வருடா வருடம் செய்கிற வேலைதான் இது.

இந்த லீவுக்கே போகிறவர்களுக்கு

விழா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை, சேலம் இரண்டு பக்கமிருந்தும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் சின்னசேலத்தில் இறங்கலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் உண்டு. காலையில் பனி விலகும் முன் அணைக்கரை, வெயில் ஏறியதும் கரியாலூர், மதியத்துக்கு மேல் இறக்கம் என்று திட்டமிட்டால் ஒரு நாள் சரியாக இருக்கும். மழை பெய்திருந்தால் அருவிகளில் குளிக்க வனத்துறை தடை போடும். கேட்டுவிட்டுப் போவது நல்லது. குடிதண்ணீரும் ஸ்வெட்டரும் கையில் இருக்கட்டும். கொண்டுபோன பிளாஸ்டிக் பை வீட்டுக்கே திரும்பி வரட்டும். மலையில் தேனோ சாமையோ விற்கும் அம்மாவிடம் பேரம் பேசாமல் வாங்கினால், சீசன் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.