சுண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சு கேட்டது!

கூத்தாநல்லூர் என்றால் பாதிப் பேர், ‘‘அடடே, சரஸ்வதி கோயில் இருக்குமே!’’ என்பார்கள். அது கூத்தனூர் ஸார், பூந்தோட்டம் பக்கத்தில். எங்கள் ஊர் மன்னார்குடி - திருவாரூர் ரோட்டில். ஊரில் பலரும் சிங்கப்பூர், மலேசியா என்று கப்பலேறியதால் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பேர் வாங்கிய ஊர். எனவே தலைவலி, முதுகுவலி, பல்வலி எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரே மருந்து - கோடாலித் தைலம். பக்கத்து வீட்டு பாய் கொடுத்ததை வைத்து என் வலது தோளுக்கு மூன்று வருஷம் தேய்த்துப் பார்த்தேன். உள்ளே எலும்பே செத்துக் கிடக்கும்போது தைலம் என்ன செய்யும், பாவம்!

சங்கதி இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் அறுவடை சமயத்தில், ரோட்டில் காயப் போட்டிருந்த நெல்லின் மேல் மோட்டார் சைக்கிளை விட்டேன். சோறு போடுகிற நெல்லைக் குறை சொல்லக் கூடாது. சறுக்கிய வேகத்தில் தோள்பட்டைப் பந்து நாலு துண்டு. பிளேட்டு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். ஆனால் அந்தப் பந்துக்கு ரத்தம் போகும் குழாய்கள் ரொம்பப் பொடிசு. உடையும்போது அவையும் அறுந்தால், எலும்பு மெல்ல மெல்லச் செத்து உதிருமாம். எனக்கு உதிர்ந்தது. சட்டை போட ஐந்து நிமிஷம், பஸ் கம்பியைப் பிடிக்க நோ சான்ஸ். எழுதிப் பிழைப்பவனுக்கு வலது கை.

‘‘இந்த வயசுல மாத்து மூட்டு வைக்க யோசிப்போம் தம்பி. பின்னாடி ஒரு தடவை திரும்ப மாத்த வேண்டி வரலாம். ஆனா உங்களுக்கு வேற வழி இல்லை’’ என்றார் தஞ்சாவூர் டாக்டர். போன தடவை முழு மயக்கம் கொடுத்து இரண்டு நாள் வாந்தி எடுத்ததைச் சொன்னேன். ‘‘அப்ப கையை மட்டும் மரத்துப்போக வெச்சுடலாம். முழிச்சுக்கிட்டே இருங்க’’ என்றார். ஒரு கட்டுரை தேறும் என்று ஒப்புக்கொண்டேன். புத்தி!

ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே கழுத்து ஓரத்தில் ஊசி. டெல்டாக்காரனுக்கு இது சட்டென்று புரியும். தலைமதகை மூடினால் வாய்க்காலில் தண்ணீர் வராதல்லவா? கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் கழுத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே அடைத்துவிட்டார்கள். 1884-ல் கார்ல் கோலர் என்ற வியன்னா டாக்டர் கொக்கேய்ன் சொட்டுவிட்டுக் கண்ணை மரக்க வைத்ததில் தொடங்கிய வித்தை, என் கழுத்துவரை வந்து சேர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் கம்மியது, வலது இமை தொங்கியது. ‘‘பயப்படாதீங்க, இதெல்லாம் வரும், போயிடும்’’ என்றார் மயக்க டாக்டர். கண்ணாடி கேட்டேன். கொடுக்கவில்லை.

‘‘சிஸ்டர், கையைக் கொஞ்சம் கீழே வைங்களேன், தூக்கிட்டே இருக்கு.’’

‘‘கீழேதான் சார் இருக்கு.’’

பார்த்தேன். ஆமாம், பக்கத்தில் படுத்திருந்தது. மனசுக்கு மட்டும் அது இன்னும் தூக்கின கைதான்!

ஒரே ஒரு விஷயம். எங்கள் பக்கம் கடைமடைக்குத்தான் தண்ணீர் வராது. இங்கே நேர்மாறு. கைக்குக் கடைமடையான சுண்டு விரல் மட்டும் ஆடியது. இந்த இடத்து ஊசியில் அந்த நரம்பு பெரும்பாலும் தப்பித்துவிடுமாம்.

சாய்வு நாற்காலி மாதிரி உட்கார வைத்து, முகத்துக்கும் தோளுக்கும் நடுவே திரை கட்டினார்கள். வலி சுத்தமாக இல்லை. ஆனால் சத்தம் வருகிறதே! ரம்பம், டிரில், அப்புறம் சுத்தியல். ஒவ்வொரு அடியும் எலும்பு வழியாகத் தாடைக்கு வந்து பல் கிட்டியது. ‘‘நாற்பத்தாறு குடு... ம்ஹூம், நாற்பத்து நாலு’’ என்று செருப்புக் கடை மாதிரி பந்து சைஸ் பார்த்தார்கள்.

நடுவில் பேச்சு நின்றது. பழைய ஸ்க்ரூ ஒன்று வர மறுத்தது. ‘‘மெதுவா... நரம்பைப் பார்த்துக்கோ’’ என்றார் டாக்டர். தோளுக்கு அடியில் சுற்றிப் போகும் ஒரு நரம்பு பட்டுவிட்டால் கையைத் தூக்கவே முடியாது என்று படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மயக்கத்தில் இருக்கிறவன் கொடுத்து வைத்தவன் ஸார். எனக்கோ அந்த நாலைந்து நிமிஷ மௌனம் முழுக்கக் கேட்டது. செய்ய ஒன்றுமில்லை. சுண்டு விரலை ஆட்டினேன். ஆடியது. மறுபடி ஆட்டினேன்.

‘‘தம்பி, விரலை ஆட்டாதீங்க!’’

ஸ்க்ரூ ஒருவழியாக வந்துவிட்டது. 1893-ல் பாரிஸில் ழூல் பெயான் என்ற டாக்டர், காசநோய் அரித்த ஒரு தோளுக்கு பிளாட்டினக் குழாயும் ரப்பர் பந்துமாக மாற்று மூட்டு வைத்தாராம். செய்து கொடுத்தது ஒரு பல் டாக்டர். இரண்டு வருஷத்தில் சீழ் பிடித்துக் கழற்ற வேண்டியதாயிற்று. எனக்கு உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம். முந்நூறு கிராம்கூட இருக்காது. பில் மட்டும் மூட்டைக் கணக்கு.

சாயங்காலம் வலியே இல்லை. ‘‘வலி வர்றதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டுடுங்க’’ என்று நர்ஸ் வைத்துவிட்டுப் போனார். வீரனுக்கு எதற்கு மாத்திரை? ராத்திரி இரண்டு மணிக்கு மதகு திறந்தது. அடேயப்பா! பெஞ்சில் படுத்திருந்த அப்பா எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் மாத்திரையை வாயில் போட்டு டம்ளரைப் பிடித்தார். மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னவர். ‘சொன்னேன் பாரு’ என்று இன்றுவரை சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

காலையில் டாக்டர் தோளில் கை வைத்து, ‘‘முழங்கையைப் பின்னால லேசா அழுத்துங்க’’ என்றார். சதை இறுகியது எனக்கே தெரிந்தது. ‘‘நரம்பு நல்லா இருக்கு’’ என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆறு வாரம் கை தூளியில். மல்லாந்து படுக்க முடியாது. நாலு தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த தூக்கம். முப்பத்து நாலு வயசில் அப்பா எனக்குத் தலை வாரிவிட்டார், மூன்றாம் வகுப்பில் வாரிய அதே வகிடு! அப்போதுதான் கவனித்தேன். வலது கையாலேயே எல்லாவற்றையும் சுற்றி வளைத்துச் செய்கிறார். இடது கை தோளுக்கு மேலே வரவில்லை.

‘‘எத்தனை நாளாப்பா இப்படி?’’

‘‘இருக்கும் ஒரு வருஷம். விடு, முதல்ல உன்னைப் பார்ப்போம்.’’

சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது சகஜம் என்று, தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் சொன்னார். அப்பாவுக்கும் பயிற்சி எழுதிக் கொடுத்தார்.

ஆகவே இப்போது எங்கள் வீட்டுத் திண்ணை உத்தரத்தில் பழைய கிணற்று ராட்டினம் தொங்குகிறது. கயிற்றை முதலில் நான் இழுப்பேன், அடுத்து அப்பா. அதன் பிறகு சுவரில் விரலை நண்டு மாதிரி ஏற்றி, எட்டின இடத்தில் பென்சில் கோடு. பாய் தினமும் வந்து பார்த்து, ‘‘தைலம் ஒழுங்காத் தேச்சிருந்தா இவ்வளவு செலவு வந்திருக்காது தம்பி’’ என்கிறார்.

இந்த வாரக் கணக்குப்படி அப்பாவின் கோடு என் கோட்டுக்கு நாலு விரற்கடை மேலே. நான் குளிக்கப் போயிருந்த சமயத்தில் குதிகாலைத் தூக்கிக்கொண்டு போட்டிருக்கிறார் என்று சந்தேகம். அம்மாவைக் கேட்டால் சிரிக்கிறாள்.