உடன் விழித்திருத்தல்

நோயுற்றோரைச் சந்திப்பது உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். நம் மக்கள் அதனைத் தாராளமாகவே நிறைவேற்றுகிறவர்கள். ஒரு வீட்டில் நோய் என்று கேள்விப்பட்டால் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக அன்பியம் முழுவதும் அங்கே திரண்டுவிடும். ஆனால் வாசலோடு நலம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதே பெரிய இரக்கமாகிவிடுகிற நோயும் உண்டு என்பதை என் அக்காவின் சிகிச்சைக் காலத்தில்தான் நான் அறிந்தேன்.

அக்காவுக்கு வயது 64, கைம்பெண். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் தோன்றிய கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என முடிவாயிற்று. 21 நாள்களுக்கு ஒரு முறையாக ஆறு முறை கீமோ தரவேண்டும் என்றார் மருத்துவர். இம்மருந்துகளுக்கு உற்றார் மாற்றார் தெரியாது. விரைந்து பெருகும் அணுக்களை எல்லாம் தாக்குகின்றன. புற்று அணுக்கள் மட்டுமன்றி மயிர்க்காலும், வாயின் உட்தோலும், எலும்பு மச்சையும் அடிபடுகின்றன. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாள்களில் பக்கத்து வீட்டாரின் சாதாரணச் சளியும் அவளுக்கு எமனாகலாம். நூறு டிகிரியைத் தாண்டிக் காய்ச்சல் ஏறினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

முதல் கீமோவுக்கு முன் நோயில்பூசுதல் பெறலாமே என்று நான் சொன்னபோது வீட்டில் அழுகை கிளம்பிவிட்டது. அவஸ்தைப்பூசுதல் என்று அதனை அழைத்த காலத்தின் அச்சம் நம் வீடுகளை விட்டு இன்னும் அகலவில்லை. இவ்வருள்சாதனம் சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தன் திருவழிபாட்டு ஏட்டில் தெளிவாக்கியது. புதிய சடங்குமுறை 1972இல் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் எண்ணெய்ச் சிமிழைக் கண்டால் நாம் சவப்பெட்டியை நினைக்கிறோம். அக்காவோ அமைதியாக நெற்றியைக் காட்டினாள். பூசியவர் அவளுடைய பங்குத்தந்தை. நான் தம்பியாக அவள் அருகில் நின்றேன்.

உண்மையில் பாரம் சுமந்தவள் அவளுடைய மகள். திங்கட்கிழமை தோறும் மூன்று மணி நேரம் பேருந்தில் போய்வந்த நான் எட்ட நின்று தாங்கியவன்தான். கடுகு தாளிக்கும் வாடைக்கே அக்காவுக்குக் குமட்டியதால், அந்தப் பெண் அடுப்பைப் புறவாசலுக்கு மாற்றினாள். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரை நாளுக்கு நாலைந்து முறை கொப்பளிக்கச் செய்தாள். எதைத் தின்றாலும் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது என்று அக்கா தட்டைத் தள்ளினால், கோபிக்காமல் அரை மணி கழித்து ஆறிய கஞ்சியோடு மீண்டும் வந்து நின்றாள். வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, வருகிறவர்களை அங்கேயே அமர்த்திப் பேசி அனுப்பியவளும் அவளே. அதற்காகச் சிலர் அவளைத் திமிர்பிடித்தவள் என்றார்கள். அடுத்த முறை சென்றபோது நானும் அந்த நாற்காலியிலேயே சற்று நேரம் அமர்ந்து, தும்மல் இல்லை என்று அவளிடம் உறுதி சொல்லிய பிறகே உள்ளே சென்றேன். சாமியாரையே வெளியில் உட்காரவைத்தாள் என்ற செய்தி பரவியபின் முணுமுணுப்பு அடங்கிற்று.

விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று கேட்டவர்களும் வந்தார்கள். அவர்களுக்குச் சீராக்கின் ஞான நூலில் 38ஆம் அதிகாரத்தைக் காட்டினேன். மருத்துவரை மதிக்கவும், மண்ணிலிருந்து இறைவன் தோற்றுவித்த மருந்தைப் புறக்கணியாதிருக்கவும் அது சொல்கிறது. (பிரிந்த சகோதரர்களின் விவிலியத்தில் இந்நூல் இடம்பெறுவதில்லை, நம் விவிலியத்தில் இருந்தும் நாம் திறப்பதில்லை.) மண்ணிலிருந்து என்பது வெறும் உவமை அன்று. அக்காவுக்கு ஏற்றிய மருந்துகளுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. 1950களில் கனடாவில் அச்செடி நீரிழிவுக்கு உதவுமா என்று ஆராய்ந்தவர்கள், அதன் சாறு வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்த வழியில் பிறந்த மருந்துகள் இவை. மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த அச்செடி நம் கல்லறைத் தோட்டங்களில் தானாகவே மண்டிக் கிடக்கிறது. சுடுகாட்டு மல்லி என்பது அதன் நாட்டுப் பெயர். இதைக் கேட்டு அக்கா சிரித்தாள். “நான் கல்லறைக்குப் போகுமுன் கல்லறைப் பூ என்னைத் தேடி வந்துவிட்டதா?” என்றாள். (இலையைப் பறித்து அரைத்துக் குடிக்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், அது நஞ்சு.)

மூன்றாம் கீமோவுக்குப் பின் பத்தாம் நாள் இரவு காய்ச்சல் 102 டிகிரி. ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள். விரல் நுனிகளும் மரத்துப்போயின. அது வின்கிரிஸ்டின் வாங்கும் விலை. ஊக்கு மாட்ட முடியவில்லை. செபமாலை மணி விரலுக்குத் தட்டுப்படவில்லை. அதற்குத்தான் அவள் அழுதாள்.

குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து என்னைச் ‘சாமி’ என்றே அழைத்துவந்தவள், அன்று, “தம்பி, போதும் என்று சொன்னால் அது பாவமா?” என்று கேட்டாள்.

பாவமில்லை என்றேன். கிடைக்கும் பயனைவிடப் பாரமே மிகுதியாக உள்ள சிகிச்சையை நோயாளி மறுக்கலாம்; அது தற்கொலைக்கு ஒப்பாகாது என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980இல் விளக்கியிருக்கிறது. குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த அந்தப் பாடம் அன்று என் நாவில் கனத்தது. ஆண்டவருக்காகப் பொறுத்துக்கொள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் மறுபேச்சின்றிப் பொறுத்திருப்பாள். அதனாலேயே அந்தச் சொல்லை நான் சொல்லக்கூடாது. கெத்சமனியில் ஆண்டவர் தம் சீடர்களிடம் துன்பக் கிண்ணத்துக்கு விளக்கம் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் உடன் விழித்திருக்கத்தான் கேட்டார். ஆனால் பாரம் எவ்வளவு, பயன் எவ்வளவு என்று அறியாமல் அவள் எப்படி முடிவெடுப்பாள்? அதை மருத்துவரிடம் கேட்போம் என்றேன்.

மருத்துவர் பொறுமையாகப் பேசினார். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. வின்கிரிஸ்டின் அளவைக் குறைக்கலாம், வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசியை அடுத்த முறை போடலாம் என்றார். அக்கா ஒரு வாரம் கேட்டாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகளும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் அக்காவே தொலைபேசியில் அழைத்து, “திங்கட்கிழமை வாருங்கள் சாமி, மருத்துவமனைக்குப் போகவேண்டும்” என்றாள்.

ஆறும் முடிந்து ஓராண்டு ஆகிறது. முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. விரல் நுனிகள் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அவள் செபமாலை சொல்லும்போது ஒரு பத்தில் பதினொன்று வரும், இன்னொன்றில் எட்டு வரும். மகள் திருத்தப்போனால், “மாதாவுக்கு நான் கணக்கா எழுதுகிறேன்?” என்கிறாள். வரும் மாதம் மீண்டும் ஸ்கேன் எடுக்கவேண்டும். நாள்காட்டியில் மகள் அந்தத் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறாள். அன்றைய காலைத் திருப்பலிக்குப் பக்கத்துப் பங்குத்தந்தையிடம் நானும் சொல்லிவைத்துவிட்டேன்.